ஆட்களே இல்லாத வழி

வால்தம்ஸ்டோ, லண்டன்
13.1.1993

அன்புள்ள றோசி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சாப்பாட்டு மேசைக் கதிரைகளில் இரண்டை இழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். பின் கதிரையில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத முன் கதிரையைப் பார்த்து, "நேரே போங்கள், விளக்கடியில் இடப்பக்கம் திரும்புங்கள், இங்கே நிறுத்துங்கள்" என்று இத்தாலிய மொழியில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். எட்வேட் படியிறங்கி வந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

"என்னப்பா, நானும் ஏறவோ? என்னை ஸ்டேஷனடியில இறக்கிவிடச் சொல்லும்."

"நீங்கள் நடந்து போங்கோ. இது பலெர்மோவில ஓடுற டாக்சி."

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஊரின் பெயரை இந்த வீட்டில் ஐந்து வருடமாக யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

உன் தபால்பெட்டி முகவரியை இல்ஃபோர்ட் கலாவதி தந்தாள். போன ஆவணியில் அங்கே ஒரு கலியாணத்துக்கு வந்தபோது உன்னோடு ஒரு நாள் தங்கியதாகச் சொன்னாள். முகவரி கைக்கு வந்து நாலு மாதம். எழுதத்தான் கை வரவில்லை. அதற்குப் பதிலாகக் கவுன்சில் நடத்தும் இத்தாலிய வகுப்பில் சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் நடக்கிறது. கடிதம் எழுதுவதைவிட ஒரு பாஷை படிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது என்றால் நீ நம்புவாயா?

அம்மா கண்ணை மூடிய செய்தியை உனக்கு நானும் எழுதவில்லை, எனக்கு நீயும் எழுதவில்லை. பங்குச் சுவாமிதான் இருவருக்கும் தனித்தனியாக எழுதினார். அவருக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். உயிர்த்த ஞாயிறுக்கு நான் உன்னிடம் வரலாமா? எட்வேட்டுக்கு லீவு கிடைக்காது, நான் மட்டும் வருவேன். விமான நிலையத்துக்கு நீங்கள் யாரும் வரவேண்டாம். நானே வழி சொல்லி வந்து உன் கதவைத் தட்டவேண்டும். 1987இல் ஏஜென்சிக்காரன் உங்கள் இரண்டு பேரையும் பலெர்மோவில் இறக்கிவிட்டுப் போனபோது, லண்டனுக்கு வரட்டுமா என்று நீ கேட்டாய். அதற்கு நான் எழுதிய பதிலை நீ மறந்திருக்கமாட்டாய்.

அன்புடன்
அக்கா செல்வமலர்


பலெர்மோ
1.2.93

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். இவரும் சுகம்.

மறக்கவில்லை. "இப்போது வீட்டில் இடமில்லை. அங்கேயே ஏதாவது பார்." இரண்டே வரி. மிச்சப் பக்கம் முழுக்க லண்டன் குளிரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த நேரம் நாங்கள் ஒரு அறையில் எட்டுப் பேர், நடுவில் சேலை கட்டி மறைத்து இருந்தோம். கடிதத்தை நான் இவருக்குக் காட்டவில்லை. "அக்கா யோசிக்கிறா" என்று சொன்னேன். "இன்னும் யோசிக்கிறாவோ?" என்று இவர் கேட்பார். "ஓம், இன்னும் யோசிக்கிறா." ஆறு மாதம் இப்படியே போனது. பிறகு சூசைதாசன் என்ற மனிசன் கேட்பதை விட்டுவிட்டார். பகிடிக்குக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நானும் ஒன்று கேட்கிறேன். அதைச் சொன்னது அத்தானா, நீங்களா? எழுதுங்கள்.

படிப்பிக்கிற அக்கா இப்போது படிக்கவும் போகிறீர்களாம். நல்ல விஷயம். ஆனால் இங்கத்தைய டாக்சிக்காரரிடம் புத்தக இத்தாலியன் எடுபடாது. பாதிக் கதையைக் கையால் கதைப்பார்கள். ஸ்டியரிங்கையும் விட்டுவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொல்லுங்கள்.

வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களிடம் இடம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. இருக்கிறது. தாராளமாக இருக்கிறது. வாருங்கள்.

றோஸ்மலர்


வால்தம்ஸ்டோ
17.2.1993

அன்புள்ள றோசி,

"வாருங்கள்" என்ற சொல்லை மட்டும் இரண்டு நாள் வாசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேலே உள்ளதையும் வாசித்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

நேற்று வகுப்பில் எனக்கு நடந்ததைக் கேள். கதிரைகளைக் கார் மாதிரி வைத்து, ஒருவர் டாக்சிக்காரர், மற்றவர் பிரயாணி. டாக்சிக்காரராக இருந்தவர் மிஸ்டர் ஹேரிஸ். முப்பது வருடம் லண்டன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். யாராவது கடைசி நேரத்தில் "வலப்பக்கம்" என்றால் உண்மையாகவே கோபிப்பார். எங்கள் ஆசிரியை சிஞ்ஞோரா லுச்சியா என்னைப் பார்த்து, "ஸ்டேஷனிலிருந்து உங்கள் வீட்டுக்கு வழி சொல்லுங்கள்" என்றார்.

நான் சொன்னேன்: "நேரே. பஸ்தியாம்பிள்ளை கடை வரும். அங்கே நிறுத்திக் கேளுங்கள்."

மிஸ்டர் ஹேரிஸ் திரும்பிப் பார்த்தார். "யார் அது?"

"கடைக்காரர்."

"டாக்சிக்காரனுக்கு அவரைத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே. நான் இந்த ஊரில் பிறந்தவன்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிஞ்ஞோரா விடவில்லை. "சரி, அந்தக் கடை இருக்கும் தெருவின் பெயர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, றோசி. ஒன்பது வருடமாகக் கிழமைக்கு மூன்று தரம் நடக்கிற தெரு. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குப் பூமிசாத்திரம் படிப்பித்தவள் நான். வரைபடத்தில் எந்த நதியையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். ஆனால் ஒருவருக்கு வழி சொல்லும்போது மட்டும் எனக்கும் நம் எல்லாரையும் போலத்தான் வருகிறது. ஊரில் கோயிலடியில் இறங்கி இன்னார் வீடு என்று கேட்டால் நாய்கூடக் காட்டும். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பஸ் ஏறி வரும்போது, அதில் என்ன பிழை என்றும் தோன்றியது.

என்னிடம் உன் தபால்பெட்டி இலக்கம் மட்டும்தான் இருக்கிறது, ஆகவே உன் வீட்டுக்கு வழியை எழுதி அனுப்பு. விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன். அங்கிருந்து டாக்சி. பெரிய வியாழன் பின்னேரம் வந்து சேருவேன்.

அத்தானா, நீங்களா என்று கேட்டிருக்கிறாய். அந்த வருடம் எட்வேட்டின் தம்பிமார் இரண்டு பேர் எங்களோடு இருந்தார்கள். ஒருவர் சின்ன அறையில், ஒருவர் ஹோலில். இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. மிச்சத்தை முகம் பார்த்துச் சொல்லுகிறேன்.

அக்கா


பலெர்மோ
8.3.93

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டதற்குப் பதில் வரவில்லை. பரவாயில்லை. இரண்டு தம்பிமாருக்கு இடம் இருந்த வீடு என்று மட்டும் விளங்கிக்கொண்டேன்.

வழி இதுதான். ஸ்டேஷன் வாசலிலேயே டாக்சிகள் நிற்கும். உள்ளே ஏறி இருந்ததும் முதலில் "விய்யா லிபெர்த்தா" என்று சொல்லுங்கள். விய்யா ரோமா தெருவால் நேரே போகவேண்டும். அதற்கு "ஸெம்ப்ரே திரித்தோ." பெரிய தியேட்டர் முன்றலைத் தாண்டியதும், இரண்டு பக்கமும் மரம் நிற்கிற அகலமான தெரு வரும். அதுதான் லிபெர்த்தா. அதில் போய் மூன்றாவது தெருவில் வலப்பக்கம், "அ தெஸ்த்ரா." பதினான்காம் இலக்கம். பச்சைக் கதவு, பித்தளைப் பிடி. "ஸி ஃபெர்மி க்வி" என்றால் நிறுத்துவான். பெல்லில் மேலிருந்து இரண்டாவதை அழுத்துங்கள். அதில் எங்கள் பெயர் இருக்காது, வீட்டுச் சொந்தக்காரரின் பெயர்தான் இருக்கும். இங்கே அப்படித்தான் வழக்கம்.

நாலாம் மாடி. இரும்புக் கதவு வைத்த பழைய லிஃப்ட் இருக்கிறது. வீடு பெரிது, ஐந்து அறை. உங்களுக்குத் தனி அறை, பக்கத்திலேயே குளியலறை. பல்கனியில் எலுமிச்சைத் தேசிமரம் ஒன்று சாடியில் காய்த்து நிற்கிறது. சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு பேர் இருக்கலாம். நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு நாலு கதிரையில் இருப்போம்.

இவருக்கு நீங்கள் வருகிறது சந்தோஷம். "என்ன, அக்கா யோசிச்சு முடிச்சிட்டாவோ?" என்று கேட்டார். ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்தப் பகிடி திரும்பி வந்திருக்கிறது.

சும்மா ஒன்று கேட்கிறேன். உங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானம் என்ன சாப்பாடு கொடுப்பார்கள்?

றோசி


வால்தம்ஸ்டோ
22.3.1993

அன்புள்ள றோசி,

டிக்கெட் எடுத்துவிட்டேன். நீ எழுதிய வழியைப் பாடமாக்கிவிட்டேன். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முணுமுணுத்ததில், பக்கத்தில் நின்ற கிழவி தள்ளிப்போய் நின்றாள். முந்தநாள் சனிக்கிழமை, வகுப்பில்லாத நாளென்றும் பாராமல், லைப்ரரியில் கண்ட மிஸ்டர் ஹேரிஸிடம் ஒப்புவித்தேன். "முதல் தரமாக ஒழுங்கான வழி சொல்லியிருக்கிறீர்கள்" என்று கை குலுக்கினார்.

பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை மீனும் சிப்ஸும். மற்ற நாள்களில் இறைச்சியும் அவித்த கரட்டும். கஸ்டர்ட் தினமும் உண்டு. கட்டி படாமல் காய்ச்சுவது லேசில்லை.

சூசைதாசனுக்கு என்ன கொண்டுவரட்டும்? உனக்கு நானே யோசித்து வைத்திருக்கிறேன்.

அக்கா


பலெர்மோ
30.3.93

அன்புள்ள அக்கா,

இவருக்கு ஒன்றும் வேண்டாம். தேயிலை மட்டும். இங்கத்தைய தேயிலை வைக்கோல்.

சில விஷயம் சொல்லவேண்டும். கோபிக்காதீர்கள். வியாழன் நாலு மணிக்கு முந்தி வந்துவிடாதீர்கள். திங்கள் காலை பத்து மணிக்கு முந்தி நாங்கள் எல்லாரும் வெளிக்கிட்டுவிட வேண்டும், எங்களுக்கு அன்று வேலை இருக்கிறது. பல்கனியில் நின்று கதைக்கவேண்டாம். தெருவில் உள்ளவர்கள் பெரிய இடத்து ஆட்கள், சத்தம் பிடிக்காது.

கீழே வாசல்காரன் ஒருவன் இருப்பான். விடுப்புக் கேட்பான், எல்லாவற்றையும் துருவுவான். ஆர் நீங்கள் என்று கேட்டால் அக்கா என்று சொல்லவேண்டாம். பாஸ்குத் திருநாளுக்கு வீடு துப்புரவாக்க என்னோடு உதவிக்கு வந்த ஆள் என்று சொல்லுங்கள். அந்த வசனத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு பகிடிக்கென்று நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே அப்படிச் சொன்னால்தான் தொல்லை தரமாட்டான்.

மன்னியுங்கள். வந்ததும் எல்லாம் நல்லாக இருக்கும்.

றோசி


வால்தம்ஸ்டோ
8.4.1993
பெரிய வியாழன், காலை

என் றோசி,

இந்தக் கடிதம் உனக்கு வராது. தபாலில் போட்டால் எனக்குப் பிறகுதான் வந்து சேரும். அதோடு இதை நீ வாசிக்கக்கூடாது. எட்வேட் எனக்குப் பாண் வாட்டிக்கொண்டு நிற்கிறார். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் வெளிக்கிடவேண்டும். உன்னோடு கதைக்காமல் உன்னிடம் வர எனக்கு முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் வழியை முதல்தரம் வாசித்தபோதே என்னவோ செய்தது. தெருப் பெயர் இருந்தது, இலக்கம் இருந்தது, பித்தளைப் பிடி இருந்தது. ஆனால் அந்த வழியில் ஒரு ஆள்கூட இல்லை. கேட்பதற்கு ஒரு கடைக்காரன் இல்லை. "எங்கட ஆக்கள் ஆரையும் கேளுங்கோ" என்று ஒரு சொல் இல்லை. ஆறு வருடம் ஒரு ஊரில் இருந்த நம் ஆள் எவரும் தன் வீட்டுக்கு அப்படி வழி சொல்லமாட்டார். வேறொருவரின் வீட்டுக்குத்தான் அப்படிச் சொல்லலாம்.

சிஞ்ஞோரா லுச்சியாவிடம் காட்டினேன். "இது டாக்டர்மாரும் வக்கீல்மாரும் இருக்கிற பகுதி. உங்கள் தங்கை வசதியாக இருக்கிறார்" என்றார். ஓம் என்று தலையாட்டினேன்.

பிறகு கலாவதிக்கு ஃபோன் எடுத்தேன். "றோசியின்ர வீட்டுக்கு நீர் எப்பிடிப் போனனீர்?" என்று கேட்டேன்.

"அதென்ன பெரிய வித்தையே அக்கா? ஸ்டேஷனில இருந்து நடந்து சந்தைக்குள்ள போகவேணும். மீன்காரர் பாட்டுப் பாடிப் பாடி விக்கிற இடம் ஒண்டு வரும். அதில நிண்டு எங்கட சனம் ஆரையும் கேட்டால், சூசைதாசன் அண்ணை வீடோ எண்டு கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டுபோய் விடுவினம். மேல்தட்டு. ஒரு அறைதான். ஆனா என்ன சாப்பாடு போட்டவ தெரியுமே!"

"அப்ப லிபெர்த்தாவடியில இருக்கிற அந்தப் பெரிய வீடு?"

"அது அவ சம்பளத்துக்குப் பாக்கிற கிழவியின்ர. பாஸ்குவுக்குக் கிழவியை மகன்காரன் தோட்டத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிடுவான். வீட்டைப் பூட்டித் திறக்கிற திறப்பு றோசியிட்டைதான்." சொல்லிவிட்டு அவளே தடுமாறினாள். "அக்கா, நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

ஃபோனை வைத்துவிட்டு முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சந்தைக்குள் இருக்கிற ஒரு அறையில் படுக்க நான் மாட்டேன் என்று இவளுக்கு யார் சொன்னது? அந்தக் கோபம் கன நேரம் நிற்கவில்லை. நான் யார் அதைக் கேட்க?

நீ கேட்ட கேள்விக்குப் பதில், நான்தான். எட்வேட் இல்லை. "வரச் சொல்லும், தம்பிமார் ரெண்டுபேரும் ஹோலில படுக்கட்டும்" என்று சொன்னவர் அவர். நான்தான் இடமில்லை என்று எழுதினேன். ஆறு வருடமாக உன் மனதில் அவரைக் குற்றவாளியாக நிற்க விட்டேன். அவருக்கும் அது தெரியும். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

லண்டனுக்கு வந்த வருடம் அம்மாவுக்கு எழுதினேன், "பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது" என்று. பொய் இல்லை. பள்ளிக்கூடத்துக் குசினியில் கிடைத்தது. அம்மா கடிதத்தைக் கோயிலடியில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டி, என் மூத்தவள் லண்டனில் படிப்பிக்கிறாள் என்று சொல்லிவிட்டா. நான் அதைத் திருத்தவில்லை. நீ வந்திருந்தால், தலையில் வலை போட்டு, ஏப்ரன் கட்டி, பிள்ளைகளின் தட்டில் கரட் போடுகிற என்னைக் கண்டிருப்பாய். அதற்காகத்தான், றோசி. ஒரு ஏப்ரனை நீ பார்த்துவிடக்கூடாது என்பதற்காக உன்னைச் சேலை மறைப்புக்குள் எட்டுப் பேரோடு விட்டேன்.

நீ மத்தியானச் சாப்பாட்டைக் கேட்டபோது எனக்கு விளங்கியது. கலாவதி எப்போதோ சொல்லியிருப்பாள். உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் "படிப்பிக்கிற அக்கா" என்று எழுதினாய். அது குத்தலா, மரியாதையா என்று பல நாள் யோசித்தேன். இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டு வழி எனக்குத் தெரியும் இப்போது. சந்தையடியில் இறங்கி உன் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். அந்த ஒரு அறையின் வாசலில் நின்று, "எனக்கு இதுவே போதும்" என்று சொல்லலாம். கேட்கிறவர்களுக்கு அது பெரிய மனது போலத் தெரியும். ஆனால் நீ அங்கே இருக்கமாட்டாய். ஐந்து அறையையும் துடைத்து, மேசை விரித்து, நாலாம் மாடியில் பெல் சத்தத்துக்குக் காத்துக்கொண்டு நிற்பாய். உன்னைக் கையும் களவுமாகப் பிடித்தவளாகத்தான் நான் அங்கே வந்திருப்பேன். நான் வெட்கப்பட்டபோது கதவைச் சாத்தினேன். நீ வெட்கப்பட்டபோது ஒரு கதவைத் தேடித் திறக்கிறாய். அது யாருடைய கதவாக இருந்தால் என்ன?

பயமும் இருக்கிறது. அந்த மகன்காரன் திடீரென்று திரும்பி வந்தால் உன் வேலை போய்விடும். வரவில்லை என்று தந்தி அடிக்கலாமா என்றுகூட நேற்று யோசித்தேன். அடித்தால் அது இன்னொரு "இடமில்லை" ஆகிவிடும்.

எட்வேட் பாணைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னப்பா, தங்கச்சிக்கு இன்னும் கடிதமோ? பின்னேரம் நேரில பாக்கப் போறீர்" என்கிறார். கணக்குப் புத்தகம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. வற்புறுத்தவும் இல்லை.

கலாவதிக்கும் சொல்லவில்லை, இவருக்கும் சொல்லவில்லை. முடிவை எடுத்துவிட்டேன். டாக்சிக்காரனிடம் நீ எழுதிக் கொடுத்த வழியைத்தான் சொல்லப்போகிறேன், ஒரு சொல்லும் மாற்றாமல். வாசல்காரன் கேட்டால், துப்புரவாக்க உதவிக்கு வந்தவள் என்று சொல்வேன். அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமில்லை, அது பொய்யும் இல்லை. லிஃப்ட் கதவை நீ திறக்கும்போது, "எவ்வளவு பெரிய வீடு, றோசி!" என்பேன். அந்தப் பன்னிரண்டு பேர் மேசையில் இருந்து என் குசினியைப் பற்றி எல்லாம் சொல்வேன், இடமில்லை என்று எழுதியது யார் என்பதையும் சொல்வேன். உன் வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டேன். திங்கட்கிழமை நீங்கள் எழும்ப முந்தி எழும்பி, தட்டுகளையும் அடுப்பையும் நிலத்தையும் நான் பார்த்துக்கொள்வேன். நாங்கள் அங்கே இருந்து போன அடையாளம் ஒரு கரண்டியில்கூட இருக்காது. எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது.